ஐசியின் நிறம் முகத்தில் தெரியாது: எங்கள் நடைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

குழுவுக்குள் சொல்ல வேண்டியதைப் பொதுவில் எழுதுகிறாளே என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். குழுவில் போட்டால் அடுத்த ஐந்து நிமிடத்தில் ஒரு ரோஜாப்பூ, ஒரு காலை வணக்கம், முழங்கால் வலிக்கு ஒரு கைவைத்தியம் என்று வந்து விழுந்து என் பேச்சு மேலே போய்விடும். அதோடு, போன வாரம் நமக்கு வந்த அந்த ஒலிப்பதிவு நமக்கு மட்டும் வரவில்லை. ஈசூனில் இருக்கும் என் நாத்தனாருக்கு அவருடைய கோயில் தொண்டூழியர் குழு வழியாக வந்திருக்கிறது. தெம்பனிஸில் என் சிநேகிதியின் மாமியாருக்குக்கூட வந்துவிட்டது. சரி, எல்லாருக்கும் சேர்த்தே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

மொத்தம் இரண்டு நிமிடம் நாற்பது நொடி. ஆண் குரல். நம் சிங்கப்பூர்த் தமிழ்தான், ஆங்காங்கே ஒரு 'லா' விழுகிறது. அறுபதாவது தேசிய தினத்துக்காகக் கொடுத்த எஸ்ஜி60 பற்றுச்சீட்டில் ஆரம்பிக்கிறார். நேற்று ஐசி, அதாவது குடிமகனுக்கான அடையாள அட்டை, எடுத்தவனுக்கும் 600 வெள்ளி, இங்கேயே பிறந்து வளர்ந்து ஆர்மிக்குப் போனவனுக்கும் அதே 600 வெள்ளியா என்கிறார். அப்பன் தாத்தன் வேர்வை சிந்திக் கட்டின நாடு என்கிறார். மேலே இருப்பவர்களுக்கு நாம் கண்ணிலேயே படுவதில்லை என்கிறார். 'சீக்காக்காரன்' (சீக்கா என்ற இந்திய-சிங்கப்பூர் வணிக ஒப்பந்தத்தின் பெயரைச் சொல்லி, இந்தியாவிலிருந்து வந்தவர்களைத் திட்டும் சொல்) முதலில் வேலையை எடுத்தான், பிறகு வீட்டை எடுத்தான், இப்போது பற்றுச்சீட்டுக்கும் வந்துவிட்டான் என்கிறார். கடைசியில் குரல் தழுதழுக்க, உண்மையான சிங்கப்பூரர்கள் விழித்துக்கொள்ள வேண்டும் என்று முடிக்கிறார்.

நம் குழுவில் பதினான்கு பேர் கட்டைவிரல் போட்டீர்கள். நான் போடவில்லை. ஆனால் மறைக்காமல் சொல்கிறேன், முதல் ஒரு நிமிடம் நானும் தலையாட்டிக்கொண்டுதான் கேட்டேன். எனக்கு 64 வயது. என் மகன் இரண்டு வருடம் தேசிய சேவை செய்து, அப்புறம் வருடாவருடம் முகாமுக்கும் போய்வந்தவன். அவன் வயதில் வெளியிலிருந்து வந்த ஒருவருக்கு அந்த இரண்டு வருடம் மிச்சம். அதை நினைத்தால் எந்தத் தாய்க்கும் ஒரு சுருக் இருக்கத்தான் செய்யும்.

அந்த ஒரு நிமிடத் தலையாட்டலைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் முப்பத்தைந்து வருடம் மனிதவளப் பிரிவில் வேலை பார்த்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். கடைசியாக இருந்தது ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனம். பெயர் வேண்டாம். 2017இல் அங்கே கணினித் துறைக்குப் புதிதாக ஒரு தலைவர் வந்தார். எந்த நாட்டுக்காரர் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் இந்த மடலில் அந்த ஒரு வரியை மட்டும் வெட்டியெடுத்து அனுப்பிக்கொண்டிருப்பீர்கள். வந்த இரண்டு வருடத்தில் தன் பழைய கம்பெனியிலிருந்து ஆறு பேரை ஈபியில், அதாவது வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதியில், கொண்டுவந்தார். அப்போது இருந்த விதிப்படி, வெளிநாட்டவருக்கு ஈபி கேட்பதற்கு முன்னால் அந்த வேலையை 14 நாள் பொதுவில் விளம்பரம் செய்ய வேண்டும். செய்தோம். விளம்பரத்தை ஏற்றியதே நான்தான். யார் வரப்போகிறார் என்பது முடிவாகி, விமான டிக்கெட் விலைகூடப் பார்த்து வைத்திருந்த நாளில் ஏற்றினேன். வந்த மனுக்களில் மூன்று பேரைப் பேருக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்பினோம்.

அடுத்த வருடம் ஆள்குறைப்பு. பதினாறு வருடம் அங்கே இருந்த ஒரு தம்பியை, 47 வயது, அனுப்ப வேண்டியதாயிற்று. அலுவலக அட்டையைத் திருப்பிக் கொடுக்க என் மேசைக்கு வந்தார். அட்டையின் கழுத்துக் கயிற்றை அட்டையைச் சுற்றி, நூல்கண்டு மாதிரி அவ்வளவு ஒழுங்காகச் சுற்றியிருந்தார். அதை வைத்துவிட்டு, "அக்கா, நீங்க போட்ட அந்த விளம்பரத்துக்கு நானே மனு போட்டிருந்தா, கூப்பிட்டிருப்பீங்களா?" என்று கேட்டார். நான் பெட்டகச் சாவிக்கான படிவத்தை நீட்டி, இங்கே கையெழுத்துப் போடுங்கள் தம்பி என்றேன். அதைத் தவிர வேறு என்ன சொல்ல என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

ஆகவே, அந்த ஒலிப்பதிவில் இருக்கும் ஆத்திரம் முழுக்கப் பொய் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் அமைச்சர்களே கணக்குச் சொன்னார்கள்: ஈபி வைத்திருப்பவர்களில் இந்தியக் குடிமக்கள் 2005இல் ஏழில் ஒரு பங்கு, 2020இல் நான்கில் ஒரு பங்கு. கூடியது உண்மை. அதே நாளில் சொன்ன இன்னொரு கணக்கை யாரும் அனுப்பவில்லை. சீக்கா என்று நாம் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லும் அந்த 2005ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் வழியாக, நிறுவனத்துக்குள்ளேயே மாற்றலாகி இந்தியாவிலிருந்து வந்தவர்கள் 2020இல் ஏறக்குறைய 500 பேர். மற்றவர்கள் எல்லா நாட்டுக்காரரையும் போல ஈபி விதிகளைத் தாண்டி வந்தவர்கள். கணினி வேலைக்கு உலகம் முழுக்க ஆள் தேடிய காலம் அது. ஒரு வணிக ஒப்பந்தத்தின் பெயர் எப்படி ஒரு மனிதரைத் திட்டும் சொல்லானது என்று யோசித்துப் பாருங்கள். இப்போது பள்ளிப் பிள்ளைகள்கூட அதைச் சொல்கிறார்கள்.

என் கதையில் பேனா யார் கையில் இருந்தது? துறைத் தலைவர் கையில் இருந்தது. அவருக்குச் சரி சொன்ன தலைமையகத்தின் கையில் இருந்தது. ஆள் விரைவாகக் கிடைத்தால் போதும், சம்பளத்தில் கொஞ்சம் மிச்சமானால் இன்னும் நல்லது என்பது அவர்கள் கணக்கு. என் கையிலும் ஒன்று இருந்தது, நான் சரிபார்த்துக் குறிபோட்டேன். வந்த ஆறு பேர் கையில் எந்தப் பேனாவும் இல்லை. 2020இல் கொரோனா வந்து மறுபடி ஆளைக் குறைத்தபோது அந்த ஆறில் மூன்று பேரை அனுப்பினோம். பாஸ் ரத்தானால் முப்பது நாளில் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். அதில் ஒரு பெண் திருச்சிக்காரி. அப்போதுதான் தவணையில் வாங்கியிருந்த துணி துவைக்கும் இயந்திரத்தை யாராவது எடுத்துக்கொள்வார்களா என்று என்னிடம் வந்து கேட்டாள்.

ஒலிப்பதிவுக்காரர் இந்தப் பேனாக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசுகிறாரா? 'மேலே இருப்பவர்கள்' என்று ஒரு பொத்தாம்பொதுவான சொல்லைப் போட்டுவிட்டு நேராகத் திருச்சிக்காரியிடம் போய்விடுகிறார்.

இந்த வகைப் பேச்சை வெகுமக்கள்வாதம் என்றும் ஜனரஞ்சக அரசியல் என்றும் சொல்கிறார்கள். பெயர் எதுவாயிருந்தாலும் சமையல் ஒன்றுதான். கள்ளம் கபடமில்லாத நல்ல மக்கள் ஒரு பக்கம், அவர்களை ஏமாற்றும் மேல்தட்டு மறுபக்கம். இதோடு தேசியத்தைக் கலக்கும்போது மூன்றாவதாக ஒரு ஆள் தேவைப்படுகிறான்: வந்தவன். முதலிரண்டில் சில சமயம் நியாயம் இருக்கும், ஏனென்றால் மேல்தட்டு உண்மையிலேயே காது கேளாமல் இருக்கும் நாட்கள் உண்டு. விஷம் இருப்பது 'உண்மையான' என்கிற அந்த ஒற்றைச் சொல்லில். உண்மையான சிங்கப்பூரர் என்று ஒருவர் இருந்தால், பொய்யான சிங்கப்பூரர் என்று ஒருவரைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். கண்டுபிடிக்கும் வேலையை யார் கையில் கொடுப்பது?

தமிழர்களுக்கு இதைப் பற்றிப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை. நம் சொந்த பந்தங்களுக்கு நடந்தது.

இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 1956 தேர்தல். ஆங்கிலம் தெரிந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லாத நாட்டில் நீதிமன்றம், அலுவலகம், நல்ல உத்தியோகம் எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தன. கிராமத்தில் சிங்களத்தில் படித்துவிட்டு வேலையில்லாமல் நின்ற பையனுக்கு ஆத்திரம் வந்தது, வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். தமிழ் மட்டும் படித்த பையனுக்கும் அதே கதிதான். அந்தத் தேர்தலில் வென்று பிரதமரான பண்டாரநாயக்கா அந்த ஆத்திரத்தைக் கையில் எடுத்தார். அவரே ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், பெரிய வீட்டுப் பிள்ளை, கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து பௌத்தத்துக்கு வந்தவர். ஆட்சிக்கு வந்தால் 24 மணி நேரத்தில் சிங்களம் ஆட்சிமொழி என்றார். பிக்குகள், நாட்டு வைத்தியர்கள், ஆசிரியர்கள், விவசாயிகள், தொழிலாளர்கள் என்று ஐந்து பெரும் சக்திகளைத் திரட்டினார். ஆங்கிலத்தை இறக்க வந்த சட்டம், தமிழைத் தள்ளிவைத்த சட்டமாக அந்த ஜூனில் நிறைவேறியது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். 1957இல் தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு அவர் ஓர் ஒப்பந்தம் செய்தார். தமிழுக்கும் தமிழ்ப் பகுதிகளுக்கும் கொஞ்சம் இடம் விடும் ஒப்பந்தம். மனிதர் நிலைமையைச் சரிசெய்யத்தான் பார்த்தார். 1958 ஏப்ரலில் பிக்குகள் அவர் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார்கள், ஒப்பந்தத்தைத் தன் வாயாலேயே ரத்து என்று அறிவித்தார். அடுத்த மாதமே கலவரம். 1959 செப்டம்பரில் அவரைச் சுட்டுக் கொன்றவரும் ஒரு பிக்குதான். தூண்டிவிட்ட கூட்டத்தை 'போதும், வீட்டுக்குப் போங்கள்' என்று சொல்லும் அதிகாரம் தூண்டியவருக்கே இல்லாமல் போய்விட்டது. பிறகு மூன்று தலைமுறை பட்ட பாடு உங்களுக்குத் தெரியாததில்லை, அந்தக் கதைக்குள் நான் போகவில்லை.

பர்மா இன்னும் பழைய கதை. நம் குழுவிலேயே ஓர் அண்ணன் இருக்கிறார், பெயர் சொல்லவில்லை, அவருக்குத் தெரியும். அவருடைய தாத்தா ரங்கூன் பக்கம் கடை வைத்திருந்தவர். 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்களோடு காட்டு வழியே நடந்து ஊர் திரும்பியவர். காலில் புழு வைத்த கதையை அண்ணனே ஒருநாள் நடைபாதையில் சொல்லியிருக்கிறார். அந்த ஒலிப்பதிவை முதலில் அனுப்பியவரும் அவர்தான்.

அண்ணே, கோபப்படாமல் கேளுங்கள். இங்கே மார்க்கெட் ஸ்திரீட்டில் கிட்டங்கி வைத்திருந்த அதே நகரத்தார், அதாவது செட்டியார்கள்தான் பர்மாவிலும் விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தார்கள். 1930 வாக்கில் உலகப் பொருளாதாரம் படுத்தது, நெல் விலை பாதாளத்துக்குப் போனது. கடனைக் கட்ட முடியாமல் விவசாயி நிலத்தைக் கொடுத்தான். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930இல் நூற்றுக்கு 6 ஏக்கர் என்றால், 1937 வாக்கில் 25 ஏக்கர். அவர்கள் கேட்டு வாங்கியதில்லை, அவர்களுக்கு வேண்டியது ரொக்கம். ஆனால் பர்மிய விவசாயிக்கு உலகச் சந்தை கண்ணுக்குத் தெரியாது. தன் வயலின் பத்திரத்தை வைத்துக்கொண்டு கடையில் உட்கார்ந்திருக்கும் தமிழன்தான் தெரிந்தான். 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் இந்தியக் கூலிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள், கம்பெனிகள் பர்மியர்களைக் கொண்டுவந்து வேலை வாங்கின. வேலைநிறுத்தம் முடிந்ததும் இந்தியர்களை மறுபடி எடுத்துக்கொண்டு பர்மியர்களை அனுப்பிவிட்டன. அடி விழுந்தது யார் மேல்? கம்பெனிக்காரன் மேல் ஒரு கீறலும் இல்லை. ஏழைக் கூலியும் ஏழைக் கூலியும் தெருவில் வெட்டிக்கொண்டார்கள்.

1962இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்து, 1964இல் கடைகளையெல்லாம் அரசுடைமை ஆக்கினார். ஏறக்குறைய மூன்று லட்சம் இந்தியர்கள் கிளம்பினார்கள். சென்னைக்குப் போகும்போது பர்மா பஜாரில் பேரம் பேசுகிறோமே, அந்தப் பெயர் அப்படி வந்தது. சரி, வந்தவன் போய்விட்டான், பர்மியர்களுக்கு விடிந்ததா? ஒரு காலத்தில் உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு 1987இல் ஐநாவின் மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் சேர்ந்தது. அதோடும் நிற்கவில்லை. 1982இல் குடியுரிமைச் சட்டம் மாறியது, ரோஹிங்யா மக்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 2017இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்ளாதேஷுக்கு ஓடினார்கள். அந்த வன்மத்தைப் பரப்பத் தங்கள் தளம் பயன்பட்டதையும், தடுக்கத் தாங்கள் போதுமான அளவு செய்யவில்லை என்பதையும் ஃபேஸ்புக் நிறுவனமே 2018இல் ஒத்துக்கொண்டது. 1930இல் துறைமுகத்தில் வாய்வழி பரவியது, 2017இல் கைபேசியில் பரவியது. நம் கையிலும் அதே கைபேசிதான் இருக்கிறது.

வெள்ளைக்காரன் நாட்டிலும் இதுதான் நடக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டன் 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேற ஓட்டுப் போட்டது. 51.9 விழுக்காடு. பாஸ்டன் என்று ஒரு சின்ன ஊர், காய்கறித் தோட்டங்களுக்குக் கிழக்கு ஐரோப்பியர்கள் வேலைக்கு வந்து நிறைந்த ஊர். அங்கே நான்கில் மூன்று பேர் வெளியேறு என்றார்கள். மருத்துவரைப் பார்க்க இடமில்லை, வாடகை ஏறிவிட்டது என்ற அவர்கள் புகார் நிஜமானது. வெளியேறினார்கள். பிறகு வெளிநாட்டிலிருந்து வருபவர் தொகை குறைந்ததா என்றால், 2023 ஜூன் வரையிலான ஒரே வருடத்தில் வந்தவர்கள் போனவர்களைவிட 9 லட்சம் பேர் அதிகம். வந்தவர்களில் இந்தியர்களே பெரிய கூட்டம். போலந்துக்காரனை அனுப்பிவிட்டுப் பஞ்சாபியை வரவேற்றார்கள், இப்போது அவனைப் பார்த்துக் கத்துகிறார்கள்.

அமெரிக்காவின் கதை நம் வாசலுக்கே வந்தது. 2025 ஏப்ரல் 2ஆம் தேதி டிரம்ப் எல்லா நாட்டுக்கும் வரி போட்டபோது நமக்கும் 10 விழுக்காடு விழுந்தது. 2004 முதல் அவர்களோடு தடையில்லா வணிக ஒப்பந்தம் இருக்கிறது, பொருள் வணிகத்தில் நம்மிடம் லாபம் பார்ப்பதும் அவர்கள்தான். ஆனாலும் உலகமே எங்களை ஏமாற்றிவிட்டது என்று ஒருமுறை மேடையில் சொல்லிவிட்டால், அப்புறம் பட்டியலில் யார் பெயர் எதற்காக இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. மூடிப்போன தொழிற்சாலை வாசலில் நின்ற அந்த ஊர்த் தொழிலாளியின் வேதனை உண்மை. அதற்கும் சிங்கப்பூருக்கும் என்ன சம்பந்தம் என்று அவரிடம் கேட்டால் அவருக்கே தெரியாது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன்.

2021 மே 7. கொரோனா மும்முரமாக இருந்த நேரம். சுவா சூ காங்கில் 55 வயதுப் பெண் ஒருவர் வேகநடை போய்க்கொண்டிருந்தார். நம்மைப் போல. வேகமாக நடக்கும்போது மூச்சு வாங்கும் என்பதால் முகக்கவசத்தைக் கீழே இறக்கியிருந்தார், விதியும் அதை அனுமதித்தது. ஓர் ஆள் வந்து இனத்தைச் சொல்லித் திட்டி, நெஞ்சில் எட்டி உதைத்தான். அந்த அம்மா சிங்கப்பூரர், நம் இந்தியப் பெண்மணி. ஒலிப்பதிவுக்காரர் சொல்லும் 'உண்மையான' கணக்கில் அவர் கட்டாயம் வருவார். உதைத்தவன் ஐசியைக் கேட்டுவிட்டா உதைத்தான்?

அன்றைக்கு நம் குழுவில் எல்லாரும் துடித்துப் போனீர்கள். அடுத்த ஒரு மாதம் நாம் கூட்டமாகத்தான் நடந்தோம், அக்காமார்களைத் தனியாக விடவில்லை. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்போது நம்மைப் பயமுறுத்திய அதே மாதிரி வசைச் சொல்லை இப்போது நாமே நம் தமிழில், நம் குரலில், 'லா' போட்டு அனுப்புகிறோம். நாம் அதைச் சொன்னால் நம் மேல் அது விழாது என்று நினைக்கிறோம். இந்த நாட்டுக் குடியிருப்பாளர்களில் இந்தியர்கள் நூற்றுக்கு ஒன்பது பேர். எம்ஆர்டி ரயிலில் எதிரே உட்கார்ந்திருக்கும் மற்ற தொண்ணூற்றொரு பேருக்கு, மூன்றாம் தலைமுறைத் தமிழச்சி யார், மூன்று மாதத்துக்கு முன் வந்த திருச்சிக்காரி யார் என்று முகத்தைப் பார்த்துத் தெரியுமா? நாம் வாயைத் திறந்து சிங்கிலிஷில் ஏதாவது சொன்னால்தான் தெரியும். அதற்குள் உதை விழுந்துவிடும்.

பிறந்த இடத்தை வைத்து அளப்பது என்று ஆரம்பித்தால் இந்த நாட்டில் யார்தான் மிஞ்சுவார்கள்? தேசிய உறுதிமொழியை 1966இல் எழுதிய ராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், சிரம்பானில் வளர்ந்தவர். தேசிய கீதத்துக்கு இசையமைத்த சுபிர் சயித் 1928இல் சுமத்ராவிலிருந்து வந்தவர். முதல் அதிபர் யூசோஃப் இஷாக் பேராக்கில் பிறந்தவர், நிதியமைச்சராக இருந்த கோ கெங் சுவீ மலாக்காவில். நமக்குத் தமிழ் முரசு தந்த சாரங்கபாணி திருவாரூரில் பிறந்து 1924இல் கப்பலேறி வந்தவர். இவர்கள் வந்து இறங்கிய அன்றைக்கு ஒரு ஒலிப்பதிவு சுற்றியிருந்தால் எவன் வேலையையோ எடுக்க வந்தவர்கள் என்றுதான் அதில் இருந்திருக்கும். தேசியமே கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆகஸ்ட் பிறந்தால் முதலில் கொடி தொங்குவது எங்கள் மாடி நடைபாதையில்தான். 1965இல் பிரிந்து நின்றபோது, முந்தின வருடம்தான் இனக்கலவரத்தில் 36 உயிர் போயிருந்தது. அப்போது ஒரு தேசிய உணர்வைக் கட்டாமல் இருந்திருந்தால் நாம் இங்கே நடந்துகொண்டிருக்க மாட்டோம். 'இனம், மொழி, மதம்' என்று உறுதிமொழியில் சொல்கிறோமே, அந்தத் தேசியம் ஆள் சேர்க்கக் கட்டியது. ஒலிப்பதிவில் இருப்பது ஆள் கழிக்கும் தேசியம்.

புதிதாக வருபவர்கள் எல்லாரும் தங்கம் என்று நான் சொன்னதாகவும் நினைக்க வேண்டாம். நம் தமிழைக் கேட்டு உதட்டுக்குள் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். மின்தூக்கியில் பார்த்த இரண்டாம் நாளே 'நீங்க எந்த ஊர்ப் பக்கம், என்ன ஆளுங்க?' என்று சாதியை மோப்பம் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிக் கேட்ட ஒருவரிடம், நான் செம்பவாங் ஆளு என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். 'வந்தேறி' என்ற சொல்லையும் தமிழ்நாட்டுக் கட்சி மேடைகளிலிருந்து கூடவே எடுத்து வருகிறார்கள். நல்ல வேடிக்கை, இங்கே வந்து இறங்கிய அன்றைக்கே அந்தச் சொல் அவர்களுக்குத்தான் பொருந்தும் என்று தெரியாமல்.

மேலே இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை, அவர்கள் யாராவது இதைப் படித்தால். மக்கள் வேலையைப் பற்றிப் புலம்பும்போது சராசரி வருமானம் ஏறியிருக்கிறது என்று வரைபடத்தைக் காட்டாதீர்கள். அந்தத் தம்பிக்கு வருமானம் மட்டும் போகவில்லை. பதினாறு வருடம் கழுத்தில் கிடந்த அட்டை போயிற்று. இப்போது வாடகைக் கார் ஓட்டுகிறார், முன்னைவிட மோசமாகச் சம்பாதிக்கவில்லை. ஆனால் பழைய சகாக்கள் யாராவது வண்டியில் ஏறிவிடுவார்களோ என்று ராபிள்ஸ் பிளேஸ் பக்கம் சவாரி எடுப்பதில்லை. அந்தக் கூச்சத்துக்கு வரைபடத்தில் கோடு கிடையாது. ஒலிப்பதிவுக்காரர் அங்கேதான் நுழைகிறார். 2025 ஜனவரியில் வேலையிட நியாயச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வந்ததும், நாட்டுரிமையை வைத்துப் பாகுபாடு காட்டினால் அது சட்ட விவகாரம். நல்லது, கொஞ்சம் தாமதம். 25 பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு இப்போதைக்கு விலக்கு என்கிறார்கள், அதையும் சீக்கிரம் பாருங்கள். என்னைப் போல 14 நாள் விளம்பரத்தைச் சடங்காக ஏற்றுகிறவர்களை நம்பி விட்டுவிடாதீர்கள்.

என் பெரியப்பா கதையை உங்களில் சிலருக்குச் சொல்லியிருக்கிறேன். அப்பாவும் அவரும் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒன்றாக வந்து நேவல் பேஸில், அதாவது பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில், வேலைக்குச் சேர்ந்தவர்கள். 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்து, எட்டு வருடம் இங்கே இருந்தவர்கள் பதிந்துகொள்ளலாம் என்றபோது, அப்பா சம்பளத்தில் பாதி நாளை விட்டுவிட்டுப் போய் வரிசையில் நின்றார். பெரியப்பா, இன்றைக்கோ நாளைக்கோ ஊருக்குப் போகிறவனுக்கு எதற்கு என்று போகவில்லை. அப்பாவுக்குப் பின்னால் கிடைத்த அட்டை குடிமகனின் இளஞ்சிவப்பு, பெரியப்பாவுடையது குடிமகன் அல்லாதவருக்கான நீலம். இரண்டு பேரும் ஒரே குவார்ட்டர்ஸில் இருந்தார்கள், கேன்பரா சாலையில் மரத்தடி முருகனுக்கு ஒன்றாகக் காவடி தூக்கினார்கள். பிரிட்டிஷ்காரன் தளத்தைக் காலி செய்து கிளம்பியது 1971. வேலை போனது இரண்டு பேருக்கும். அப்பா கப்பல் பட்டறையில் வேறு வேலை தேடிக்கொண்டார். பெரியப்பாவுக்கு அந்த நீல அட்டையோடு இங்கே தொங்கிக்கொண்டிருக்கத் தெம்பில்லை. கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டு ரஜுலா கப்பலில் ஏறினார். எனக்கு அப்போது பத்து வயது. துறைமுகத்தில் ஒரு மைலோ டின் நிறைய முறுக்கு கொடுத்து அனுப்பினோம்.

ஊரில் அவரைக் கடைசிவரை 'சிங்கப்பூரார்' என்றுதான் கூப்பிட்டார்கள். பங்கு பிரிக்கும்போது, நீதான் வெளியூர்க்காரனாயிற்றே என்று ஒரு வயல் குறைத்துக் கொடுத்தார்களாம்.

அந்த ஒலிப்பதிவை நீக்கச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை, அவரவர் கைபேசி. அனுப்பிய அண்ணனிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன்: பேசியவர் யார், எந்தக் கம்பெனியில் யார் அவரை வேலையைவிட்டு எடுத்தார்கள் என்று விசாரித்துச் சொல்லுங்கள். நிஜமாகவே ஒருவருக்கு அப்படி நடந்திருந்தால், புகாரை எங்கே, எந்தப் படிவத்தில் கொடுப்பது என்று எனக்குத் தெரியும். முப்பத்தைந்து வருடம் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள். நானே எழுதித் தருகிறேன்.

அப்புறம், எங்கள் புளோக்கில் ஒன்பதாம் மாடிக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்ணை இந்தச் சனிக்கிழமை நடைக்குக் கூப்பிட்டிருக்கிறேன். மதுரைக்காரி, பெயரை அவளே சொல்வாள். வழக்கம்போல ஆறரை மணிக்குக் கீழ்த்தளத்தில். நடை முடிந்து கோப்பி என் செலவு. யாரும் அவளிடம் என்ன பாஸ் என்று கேட்காதீர்கள், தயவுசெய்து.

அன்புடன்,
உங்கள் செம்பவாங் அக்கா
ஆகஸ்ட் 2025